அறுபது கடல் மைலும் ஒரு தொட்டி எரிபொருளும்

சாலையில் செல்லும்போது பெட்ரோல் தீர்ந்துபோனால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையில் ஒரு டப்பாவுடன் நடக்கலாம். வழிப்போக்கர் எவரேனும் தம் வண்டியின் பின்னால் ஏற்றிக்கொள்வார். கடலில் இந்த வசதி இல்லை. எஞ்சின் நின்ற படகு நின்ற இடத்தில் நிற்பதுமில்லை. நீரோட்டமும் காற்றும் இழுத்த பக்கம் அது போய்க்கொண்டிருக்கும். நங்கூரம் தரை தொடாத ஆழமாயிருந்தால் அந்தப் பயணத்தின் முடிவை இறைவனே அறிவான். ஆகவேதான் சிறு படகு வைத்திருப்போர் அனைவரையும் ஒரே கேள்வி வாட்டுகிறது: இந்தத் தொட்டி எரிபொருள் எவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்? அந்தத் தூரத்தைக் கூட்டுவதற்கு வழி உண்டா?

வாசக நேயர்களே! மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவனுக்கும் படகின் பெட்ரோல் தொட்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியப்பது நியாயமே. நான் கல்லூரியில் பயின்றதும் வரலாறுதான். எஞ்சினைப் பற்றி அங்கே ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஆயினும் 2023 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, மதரஸா விடுமுறையில் பினாங்கிலுள்ள என் மாமா வீட்டிற்குச் சென்றிருந்தபோது, மூன்று வார காலம் இந்த ஒரு கணக்கிலேயே என் பொழுது கழிந்தது. அதனைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

பினாங்குக்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் உள்ள உறவு நீங்கள் அறியாததன்று. 1786 இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் கொடியேற்றிய சில ஆண்டுகளிலேயே நம்மவர்கள் அங்கே வணிகராகவும் படகோட்டிகளாகவும் குடியேறிவிட்டனர். அவர்களின் தலைவராயிருந்த காதர் முகைதீன் அவர்களின் பெயரோடு 1801 இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அந்நகரின் நடுவே நிற்கிறது. துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிக் கரை சேர்த்த தொங்கான் படகுகளில் பாடுபட்டோரில் நம்மவர் பலர். என் மாமாவும் தம் இளமையில் அந்தத் தொங்கானில் உழைத்தவரே. இப்போது எழுபத்தெட்டு வயது. கண் மங்கினாலும், காற்றின் திசையைக் கன்னத்தால் அறிந்து சொல்லும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

அவருடைய மகன், அதாவது என் மச்சான், வியாபாரத்தில் சற்று நிமிர்ந்தவுடன் பழைய படகொன்றை விலைக்கு வாங்கியிருந்தார். இருபத்தைந்து அடி நீளம், ஃபைபர் உடல், முன்புறம் இரண்டு பேர் படுக்கத்தக்க சிறு அறை, பின்னால் 200 குதிரைத்திறன் கொண்ட அவுட்போர்டு எஞ்சின் ஒன்று. தளத்துக்கு அடியில் 150 லிட்டர் பெட்ரோல் தொட்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்கு அது தாராளம். ஆனால் மாமாவுக்கு ஓர் ஆசை இருந்தது. லங்காவித் தீவுக்குக் கடல் வழியாகவே, அதுவும் தம் மகனின் படகிலேயே, ஒருமுறை போய்வர வேண்டும் என்பது அது. மச்சான் வாக்குக் கொடுத்துவிட்டார். மாமி, மச்சானின் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமா, நான் என்று எல்லோரும் போவதாக ஏற்பாடு.

பினாங்கிலிருந்து லங்காவி ஏறத்தாழ 60 கடல் மைல். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் வேகத்தை ஒரு நாட் என்பர். மச்சானின் கணக்கு மிக எளியது. மணிக்கு 22 நாட் வேகத்தில் விட்டால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்; தொட்டி போதாது போலிருந்தால் இருபது லிட்டர் டப்பாக்கள் நான்கை நிரப்பி அறைக்குள் படுக்கைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். டப்பாக்களையும் வாங்கி வந்துவிட்டார். சிவப்பு நிறம், புத்தம் புதியவை, வரிசையாக வராந்தாவில் நின்றன. அவற்றைப் பார்த்தபோதுதான் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

பெட்ரோல் ஆவி காற்றைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. வீட்டின் திறந்த முற்றத்தில் அது சிந்தினால் பரவிக் கலைந்துவிடும். படகோ ஒரு கிண்ணம் போன்றது. ஆவி கீழே இறங்கி அடித்தளத்தில் தேங்கி நிற்கும், வெளியேற வழியிராது. பேட்டரி இணைப்பில் தெறிக்கும் ஒரு சிறு பொறி போதும். அத்தகைய அறையில் பிள்ளைகளைப் படுக்க வைத்து, அவர்களுக்குக் கீழே எண்பது லிட்டர் பெட்ரோலை வைப்பது எப்படித் தகும்? அன்றியும், அந்த டப்பாவைக் கடல் நடுவே தூக்கித் தொட்டியில் ஊற்ற வேண்டுமே! அலையில் படகு ஆடும்போது பதினைந்து கிலோ எடையுள்ள டப்பாவைச் சாய்த்துப் புனலில் ஊற்றுவதற்கு மூன்று கைகள் வேண்டும். சிந்துவது நிச்சயம், உப்புநீர் உள்ளே போவதும் ஏறக்குறைய நிச்சயம்.

இதை நான் சொன்னபோது மச்சான் சிரித்தார். “நீங்க கிதாபு ஓதிக் கொடுக்குறவங்க மச்சான், கடலைப் பத்தி ஏன் இவ்வளவு பயப்படுறீங்க?” என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. முதலில் இருக்கும் தொட்டி எவ்வளவு தூரம் போகும் என்று அளந்து பார்ப்போம், பிறகு டப்பாவைப் பற்றிப் பேசலாம் என்றேன். அதற்கு அவர் ஒப்புக்கொண்டார். படகின் முகப்பில், ஒரு மணிக்கு எத்தனை லிட்டர் எரிகிறது என்று காட்டும் கருவி ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்தது. அதனை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

அளப்பதற்கு முன் படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைப் பார்த்தோம். வெப்பமான கடலில் மூன்று மாதம் நின்ற படகு அது. அடியெல்லாம் பச்சைப் பாசி. அதன் நடுவே சிப்பிபோல் ஒட்டிக் கல்லாய் இறுகிய உயிரிகள். கைவைத்தால் அரம் போல் கீறியது. சுரண்டி, கழுவி, தாமிரம் கலந்த அடிப்பூச்சு பூச இரண்டு நாள் பிடித்தது. இதனால் விளைந்த பயன் எங்களையே வியப்பில் ஆழ்த்தியது. முன்பு எஞ்சின் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும்போது படகு 19 நாட் போயிற்று. சுத்தம் செய்தபின் அதே 4000 சுற்றில் 22 நாட். எரிந்த பெட்ரோல் இரு வேளையும் மணிக்கு 36 லிட்டர்தான். ஒரு காசு செலவில்லாத மூன்று நாட் என்று சொல்லலாம். சுரண்டியவரின் கூலியையும் பூச்சின் விலையையும் மறந்துவிட்டால்!

அடுத்து, படகிலிருந்த வேண்டாத சுமைகளை இறக்கினோம். செத்துப்போன பேட்டரிகள் இரண்டு, துருப்பிடித்த இரண்டாவது நங்கூரம் சங்கிலியோடு, 80 லிட்டர் குடிநீர்த் தொட்டியில் பயணத்துக்கு மிகையான 50 லிட்டர் நீர். நீர் லிட்டருக்கு ஒரு கிலோ அல்லவா! ஏறத்தாழ 130 கிலோ இறங்கிற்று. இதனால் பெரிய மாறுதல் உண்டாகும் என்று எண்ணிவிடாதீர்கள். வேகமாகப் போகும்போது படகின் மூக்கு சற்று விரைவாகத் தாழ்ந்து சமநிலைக்கு வந்தது, அவ்வளவே. மெதுவாகப் போகும்போது வித்தியாசமே தெரியவில்லை.

இடையில் படகுச் சாமான்கள் விற்கும் கடையொன்றுக்குப் போனோம். கடைக்காரர் பெட்ரோலில் கலக்கும் திரவம் ஒன்றை எடுத்து வைத்தார். ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும் என்றார். எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றும் அவரிடம் இருந்தது. எஞ்சின் செய்யும் நிறுவனங்கள் எரிபொருள் சிக்கனத்துக்காகப் பெரும் பொருளைச் செலவிடுகின்றன. ஒரு குப்பித் திரவத்தால் அது கைகூடுமாயின் அவர்களே அதை ஊற்றி விற்றிருக்க மாட்டார்களா? அதே கடையில் எஃகினால் ஆன புதிய புரொப்பல்லரையும் வாங்கச் சொன்னார்கள். இது சற்று யோசிக்க வேண்டிய விஷயம். புரொப்பல்லரின் இதழ்ச் சாய்வு எஞ்சினுக்குப் பொருந்தாவிட்டால் எரிபொருள் வீணாகும் என்பது உண்மையே. ஆனால் அதைச் சோதிக்க வழி இருக்கிறது. முழு வேகத்தில் விட்டால் எஞ்சின் தனக்குக் குறித்த சுற்றளவின் மேல் பாதியை எட்ட வேண்டும். எங்கள் எஞ்சினுக்கு 5000 முதல் 6000 வரை என்று கையேட்டில் போட்டிருந்தது. அடியைச் சுத்தம் செய்யும் முன் 5100 தான் வந்தது. பின்னர் 5500 வந்தது. ஆக, குறை புரொப்பல்லரில் இல்லை, பாசியில்தான் இருந்தது. வாங்காமல் திரும்பிவிட்டோம். கடைக்காரருக்கு என் தாடியின் மேல் இருந்த மதிப்பு அன்றோடு குறைந்திருக்கும்.

இப்போது அளவை விஷயத்துக்கு வருகிறேன். இதனைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்; இதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது.

காற்றில்லாத ஒரு காலைப்பொழுதில் தீவின் வடகரைக்கு அப்பால் சென்று, ஒவ்வொரு வேகத்திலும் ஒருமுறை கிழக்காகவும் ஒருமுறை மேற்காகவும் ஓட்டி, இரண்டின் சராசரியை எடுத்தோம். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நீரோட்டம் கணக்கைக் கெடுத்துவிடும். மச்சான் சுக்கானில் இருந்தார். நான் குறிப்பேட்டில் எழுதினேன். 6 நாட் வேகத்தில் மணிக்கு 6 லிட்டர் எரிந்தது. அதாவது ஒரு லிட்டருக்கு ஒரு கடல் மைல். ஏழரை நாட்டில் 11 லிட்டர். ஒன்றரை நாட் கூட்டுவதற்கு ஏறக்குறைய இரட்டிப்புச் செலவு! 10 நாட்டில் 21 லிட்டர். அப்போது லிட்டருக்கு அரை மைல்கூடத் தேறவில்லை. அதன்பின்தான் விந்தை. 16 நாட்டில் 28 லிட்டர், 22 நாட்டில் 36 லிட்டர். அதாவது வேகம் இரட்டிப்புக்கும் மேலாகியும், லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் குறையாமல் 0.61 மைலாகக் கூடியது. 30 நாட்டில் மறுபடியும் சரிவு. 64 லிட்டர் குடித்தது.

ஏன் இப்படி? இதன் காரணத்தைப் பினாங்கில் எஞ்சின் பழுதுபார்க்கும் ஒரு சீனப் பெரியவர், தேநீர்க் கடை மேசையில் விரலால் கோடு போட்டு விளக்கினார். படகு நீரைத் தள்ளிக்கொண்டு போகும்போது தன் அணியத்தில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலையின் முதல் முகடு அணியத்திலும் அடுத்த முகடு படகின் பின்முனையிலும் வந்து நிற்கும். அதற்கு மேலும் விரைந்தால் பின்பகுதி பள்ளத்தில் இறங்கி, படகு தான் எழுப்பிய அலையின் மீதே ஏற முயலும். மேட்டில் வண்டி இழுக்கும் மாட்டின் நிலை அது. அந்த எல்லை வேகத்தைக் கண்டறியவும் ஒரு கணக்கு உண்டு. நீரில் படியும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்க வேண்டும். எங்கள் படகுக்கு நீரில் படியும் நீளம் 22 அடி. விடை ஏறத்தாழ 6.3 நாட். எங்கள் குறிப்பேட்டில் செலவு ஏறத் தொடங்கிய இடமும் அதுதான்! நான் சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போதிய வலிமையுள்ள எஞ்சின் இருந்தால் படகு அந்த மேட்டைத் தாண்டி, நீரைப் பிளப்பதை விட்டு நீரின் மேலே சறுக்கத் தொடங்கும். 16, 22 நாட்டில் நடப்பது அதுதான். ஆக, இத்தகைய படகுக்குத் தூரம் தரும் வேகங்கள் இரண்டே. ஒன்று ஆறு நாட்டுக்கு உட்பட்ட நிதானம். மற்றொன்று சறுக்கத் தொடங்கியபின் வரும் மிதவேகம். இரண்டுக்கும் இடைப்பட்டதே மிகவும் நட்டமானது. மெதுவாகப் போனால் மிச்சம் என்று எண்ணி 10 நாட்டில் ஓட்டுபவர், 22 நாட்டில் பறப்பவரைவிட அதிகம் எரிக்கிறார்! இதை அறியாதோர் படகுக்காரர்களிலேயே பலர் உண்டு என்று அந்தச் சீனப் பெரியவர் சொன்னார். டீசல் எஞ்சின் பூட்டிய மீன்பிடிப் படகுகள் இந்தத் தொல்லையில் சிக்குவதில்லை. அவை மேட்டைத் தாண்ட முயல்வதே இல்லை. டீசலில் லிட்டருக்குச் சக்தியும் சற்றுக் கூடுதல்.

இனி தொட்டிக் கணக்கு. 150 லிட்டர் தொட்டி என்றால் 150 லிட்டரும் நமக்குக் கிட்டாது. அடியில் பத்தில் ஒரு பங்கு உறிஞ்சு குழாய்க்கு எட்டாமலோ, படகு ஆடும்போது காற்றை இழுத்தோ பயன்படாமல் போகும். தொட்டியின் முள்ளையும் முழுக்க நம்பக் கூடாது. தொட்டியின் அடி படகின் வடிவத்துக்கேற்பக் குறுகியிருப்பதால், பாதி என்று முள் காட்டும்போது உள்ளே பாதி இருக்காது. ஆகவே 135 லிட்டர் என்று வைத்துக்கொண்டோம். 22 நாட்டில் அது 82 மைல் போகும். 6 நாட்டில் 135 மைல் போகும். ஒரு சொட்டுக் கூடுதலாக ஏற்றாமல் 53 மைல் தூரம்! நான்கு டப்பாக்களையும் நிரப்பி வேகமாகப் போனால்கூட அவற்றால் கிடைப்பது 48 மைல்தான்.

கடலோடிகளிடம் பழைய விதி ஒன்று உண்டு. எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. நான் பாகப்பிரிவினைக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவன். பாதி, கால், அரைக்கால், மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பின்னங்களுடனேயே வாழ்பவன். மூன்றில் ஒன்றைத் தொடாமல் ஒதுக்குவது எனக்குப் பழகிய காரியம்தான். லங்காவியில் எரிபொருள் நிரப்பிக்கொள்ள முடியும் என்பதால் போவதற்கு மூன்றில் இரண்டு பங்கைச் செலவிடலாம் என்று தளர்த்திக்கொண்டோம். அதாவது 90 லிட்டர். வேகமாகப் போனால் 60 மைலுக்கு 98 லிட்டர் வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும். நிதானமாகப் போனால் 60 லிட்டர். பாதிக்கு மேல் தொட்டியிலேயே இருக்கும்.

இவ்வளவையும் தாளில் எழுதி மச்சானிடம் காட்டினேன். கணக்கில் அவர் தவறு காணவில்லை. ஆனால் முகம் வாடிவிட்டது. “பத்து மணி நேரமா? 200 குதிரை எஞ்சினை வாங்கிட்டு மீன்காரன் போட்டைப் போல உருட்டிக்கிட்டுப் போகணுமா?” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நிதானத்துக்கும் விலை உண்டு. மெதுவாகப் போகும் சிறு படகு பக்கவாட்டில் ஓயாமல் உருளும், பிள்ளைகளுக்குக் குமட்டும். கடலில் பத்து மணி நேரம் இருப்பது வானிலைக்குப் பத்து மணி நேரம் நம்மை ஒப்படைப்பதாகும். அந்நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமாத்திரா என்று ஒரு திடீர்ப் புயற்காற்று உண்டு. இரவில் திரண்டு, விடியலுக்கு முன்போ காலையிலோ இடியும் மழையுமாகக் கரையைத் தாக்கி ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். நாங்கள் புறப்பட எண்ணியது அந்தப் பருவத்தில்தான். மேலும், 6 நாட்டில் போகும் படகுக்கு ஒன்றரை நாட் நீரோட்டம் எதிர்த்தால் வேகத்தில் கால்பங்கு போய்விடும்; 22 நாட்டில் போகிறவருக்கு அது ஒரு பொருட்டே அன்று.

இரண்டு நாள் வீட்டில் ஒருவரோடொருவர் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. டப்பாக்கள் வராந்தாவிலேயே நின்றன. இறுதியில் முடிவு சொன்னது மாமிதான். இஷாத் தொழுதுவிட்டுச் சோறு பரிமாறிக்கொண்டே, “வாப்பாவும் மகனும் ஆசைப்பட்டா கடல்ல போங்க. நானும் மருமகளும் பிள்ளைகளும் கோலக்கெடா போயி ஃபெர்ரியில வந்துடுறோம். பெட்ரோல் வாடையில என் பேரப்பிள்ளைங்க படுக்க மாட்டாங்க” என்றார். அவ்வளவுதான். மச்சான் தலை கவிழ்ந்து சாப்பிட்டார். மறுநாள் காலை டப்பாக்களில் மூன்று கடைக்கே திரும்பிப் போயின.

நான்காவது ஏன் தங்கியது என்றால், மச்சான் அதற்குப் பதிலாக வேறொன்றை மாற்றி வாங்குவதற்கே. குழாயும் இணைப்பும் உள்ள 25 லிட்டர் தனித் தொட்டி அது. எஞ்சினுக்கு நேரே பொருத்தலாம். ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. அறைக்குள் அன்று, பின்புறத் திறந்த தளத்தில் வார்களால் இறுகக் கட்டினோம். இதில் இன்னொரு நன்மை இருக்கிறது. பெரிய தொட்டியில் நீர் கலந்து எஞ்சின் நின்றுவிட்டால், எத்தனை லிட்டர் மிச்சமிருந்தும் பயனில்லை. தனியாக இருக்கும் 25 லிட்டர் சுத்தமான பெட்ரோலே கரை சேர்க்கும். அதனை நிரப்பும்போதும் படகில் வைத்து நிரப்பவில்லை. இறக்கித் தரையில் வைத்து, உராய்வு மின்சாரம் சேராதபடி முனையைத் தொட்டியோடு தொடவைத்து, வெயிலில் விரிவதற்குக் கொஞ்சம் இடம் விட்டு நிரப்பினோம். நீரைப் பிரிக்கும் வடிகட்டியையும் புதிதாக மாற்றினோம்.

மாமாவுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் தேவைப்படவில்லை. குறிப்பேட்டை அவரிடம் படித்துக் காட்டியபோது, “பாயைச் சுருட்டி வச்சுக்கிட்டுக் காத்து வர்ற வரைக்கும் ரெண்டு நாள் கிடந்தவன் நான். இவனுக்குப் பத்து மணி நேரம் பெரிசாப் போச்சா?” என்று மட்டும் சொன்னார்.

புறப்பட்ட நாளில் சுப்ஹு தொழுதவுடன் கிளம்பவில்லை. வானிலை நிலையத்தின் அறிவிப்பைப் பார்த்து, மேற்கு வானம் தெளிந்திருப்பதை மாமா தம் கண்ணால் அன்றிக் கன்னத்தால் உறுதி செய்தபின், ஏழரை மணிக்குத்தான் கயிற்றை அவிழ்த்தோம். எங்கே போகிறோம், எப்போது சேருவோம் என்பதை எழுதிப் படகுத்துறையில் கொடுத்துவிட்டோம். ஒரு படி மாமியிடமும் இருந்தது. மூன்று பேருக்கும் உயிர்காப்பு உடுப்பு. மாமா அதை அணிய மறுத்து, பிறகு அணிந்தார்.

நிதானமாகவே சென்றோம். முதல் ஒரு மணி நேரம் மச்சானின் கை அடிக்கடி வேகக் கைப்பிடியின் மேல் போய் வந்தது. பிறகு அதுவும் அடங்கிற்று. எஞ்சின் ஓசை குறைவாயிருந்ததால் பேச முடிந்தது. மாமா தம் தொங்கான் நாட்களைப் பற்றிச் சொன்னார். பல ஆண்டுகளாகத் தந்தையும் மகனும் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். ளுஹரை மாமா உட்கார்ந்தபடியே தொழுதார்.

பாயார் தீவைத் தாண்டியபின் தென்மேற்கே கருமேகம் ஒன்று எழுந்தது. மாமா அதைக் காட்டினார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் கருவியைப் பார்த்தேன். பாதித் தொட்டிக்கு மேல் இருந்தது. இப்படியொரு வேளைக்காகவே அதனைச் சேர்த்து வைத்திருந்தோம். “விடுங்க மச்சான்” என்றேன். நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக 22 நாட்டில் பறந்தோம். 14 மைல் கடந்தபோது மேகம் எங்களுக்குப் பின்னால் மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. மச்சானின் முகத்தில் அன்று முழுவதும் இல்லாத ஒளி!

பிற்பகல் நான்கு மணிக்குக் குவா துறையில் கட்டினோம். மாமியும் பிள்ளைகளும் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தனர். அஸருக்கு நேரம் இருந்ததால் முதலில் தொட்டியை நிரப்பினோம். கணக்குப்படி நிதானத்தில் 46 லிட்டரும், விரைந்ததில் 23 லிட்டரும், ஆக 69 ஆகியிருக்க வேண்டும். நிரப்புமிடத்தில் 74 லிட்டர் பிடித்தது. அந்த ஐந்து லிட்டர், கடைசி இரண்டு மணி நேரம் அடித்த எதிர்க்காற்றுக்குப் போயிற்று. பின்தளத்திலிருந்த 25 லிட்டரைத் தொடவேயில்லை.

மாமா கரையில் ஓர் இரும்புக் குற்றியின் மேல் அமர்ந்து, பேரனிடம் உயிர்காப்பு உடுப்பின் வாரை அவிழ்க்கச் சொன்னார். பிறகு மகனை நோக்கி, “நாளை மறுநாள் திரும்புறப்பவும் இதே மாதிரி மெதுவாத்தானே போவோம்?” என்று கேட்டார். மச்சான் பதில் சொல்லவில்லை. குறிப்பேட்டை என்னிடமிருந்து வாங்கி, 74 என்ற எண்ணைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தார்.